தென்காசி–குற்றாலம் லைன்: எங்கே தொலைகிறது, எதற்கு மாறலாம்

தென்காசியில் தலைமை அலுவலகம், குற்றாலத்தில் கிளை, நடுவே ஐந்து கிலோமீட்டர். பில்லிங் சர்வர் தென்காசியில் இருக்கிறது. காலையில் ஒழுங்காக ஓடும் லைன் சாரல் பிடித்ததும் தடுமாறும், கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். லைன்மேன் வந்து பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. அடியோடு அறுந்த லைனைச் சீக்கிரம் சரிசெய்துவிடலாம்; விட்டுவிட்டு பாக்கெட் தொலையும் லைன்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

பலரும் உடனே செய்வது ஸ்பீடைக் கூட்டுவது. அதில் பயனில்லை. வலையமைப்பு ஆய்வாளர் மாத்திஸின் குழுவினர் 1997இல் தந்த சூத்திரப்படி, போய்வர 20 மில்லிசெகண்ட் ஆகும் லைனில் நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால், பழைய முறை டிசிபி இணைப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 7 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். வாங்கியது 100 ஆனாலும் 200 ஆனாலும் அதே 7தான்.

எனவே முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். குற்றாலம் கிளையில் ஒரு கணினியிலிருந்து மூன்று பிங் ஓடட்டும்: சொந்த ரவுட்டருக்கு ஒன்று, இணைய கம்பெனியின் முதல் ரவுட்டருக்கு ஒன்று, தென்காசி சர்வருக்கு ஒன்று. நேரத்தோடு பதிவாக வேண்டும். முதல் பிங்கிலேயே விழுந்தால் கோளாறு உங்கள் கட்டடத்துக்குள்: வைஃபை, பழைய கேபிள், ஸ்விட்ச் போர்ட். இரண்டாவதில் தொடங்கினால் வீதிக் கம்பத்தில். மூன்றாவதில் மட்டும் என்றால் பாதையில், அல்லது தென்காசி முனையில். அங்கிருந்தும் இதே சோதனையை ஓட்டினால் எது என்று பிரிந்துவிடும். இரு முனையிலும் வேறுவேறு கம்பெனி என்றால் அந்த ஐந்து கிலோமீட்டருக்கு டேட்டா சென்னை வரை போய்த் திரும்பக்கூடும், டிரேஸ்ரூட் காட்டிவிடும். அதில் நடுவே ஒரு ரவுட்டர் மட்டும் இழப்பு காட்டி, கடைசி முனை சுத்தமாக இருந்தால் பயம் வேண்டாம். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிங் சுத்தமாகப் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் நின்றுவிடுகிறது என்றால் கதை வேறு. இரு அலுவலகத்தையும் இணைக்கும் விபிஎன்னின் தலைப்புகள் சேர்ந்து பாக்கெட் 1500 பைட்டைத் தாண்டுகிறது. பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியுவை 1400க்குக் குறைத்துப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

ஃபைபர் என்றால், அது வந்து சேரும் பெட்டியான ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஓர் எண் இருக்கும். வெயிலில் ஒரு தடவை, காற்றும் சாரலும் அடிக்கும்போது ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 இருந்தது மைனஸ் 27 பக்கம் போனால், எங்கோ கேபிள் மடங்குகிறது அல்லது ஜாயின்ட் பெட்டி கெட்டிருக்கிறது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று கம்பத்துக் கேபிளை ஆட்டும். குற்றாலத்துக் குரங்குகளும் அதை விடுவதில்லை. இந்த இரண்டு எண்களையும் காட்டினால் லைன்மேனால் 'லைன் நல்லாத்தான் இருக்கு' என்று போக முடியாது.

இதற்குப் பிறகும் மாற வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு.

லீஸ்ட் லைன்: இரு முனையும் ஒரே கம்பெனியில் இருந்தால் டேட்டா அவர்கள் வலைக்குள்ளேயே போகும், உத்தரவாதமும் எழுத்தில் வரும். வாடகை பல மடங்கு. அந்த உத்தரவாதம் எந்த முனையிலிருந்து எந்த முனைவரை என்று கேளுங்கள். கடைசி முந்நூறு மீட்டர் அதே ஆடும் கம்பத்தில் வந்தால் கொடுத்த காசு வீண். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் நடக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்துக்கு நல்ல இணைப்பு வராமல் இல்லை. சிக்கல் பெரும்பாலும் கடைசித் தெருவில்தான்.

ரேடியோ: இரு மாடிகளிலும் ஆன்டெனா. மாத வாடகை இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு 5.8 ஜிகாஹெர்ட்ஸில் சாரல் ஒரு பொருட்டே அல்ல, தென்னந்தோப்புதான் எதிரி. நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி எட்டு மீட்டர் ஆரத்துக்கு அலை பரவுகிறது; அதில் அறுபது சதவீதமாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். நனைந்த மட்டை குறுக்கே வந்தால் சிக்னல் விழும். ஆன்டெனா ஆடாதபடி ஸ்டே கம்பி கட்டுங்கள். 60 ஜிகாஹெர்ட்ஸ் கருவியை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கன மழை ஒரு கிலோமீட்டருக்கே பத்து டெசிபெல் தின்றுவிடும்.

இரண்டு சாதா பிராட்பேண்ட்: ஒன்று விழுந்தால் மற்றது தானாக எடுக்கும் ரவுட்டரோடு. சின்ன அலுவலகத்துக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் இரண்டு கேபிளும் வேறு வேறு கம்பத்தில் வர வேண்டும். கம்பெனிப் பெயர் மட்டும் மாறினால் போதாது, தெருவில் இறங்கிப் பார்த்துவிடுங்கள். 'லைன் இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கும் ரவுட்டர் இங்கே உதவாது, 3 சதவீதம் தொலைந்தாலே மாறும்படி அமைக்கக்கூடியதாக வாங்குங்கள். இரண்டாவது லைனாக மொபைல் சிம் வைக்கலாமா என்று கேட்பார்கள். தென்காசியில் வைக்கலாம். குற்றாலத்தில் சீசன் ஞாயிறு மாலை அருவிக்கு வந்த கூட்டமெல்லாம் அதே டவரில் வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும்.

எதை எடுத்தாலும் மார்ச்சில் சோதித்து ஆண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். சாரல் பிடிக்கும் ஜூன், ஜூலையில் மாதக் கட்டணத்தில் ஓட்டி, அந்தப் பிங் பதிவைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.