ஏர் ரைஃபிள் பழகுவோருக்கு: பெல்லட் வாங்க, சோதிக்க, பாதுகாக்க

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. மையத்தை விட்டு 1 மி.மீ. தள்ளிப் பட்டால் 0.4 புள்ளி போச்சு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 700.5 எடுத்துத் தங்கம் வென்றார். இரண்டாம் இடம் 699.7. பிள்ளையை ரைஃபிள் கிளப்பில் சேர்த்ததுமே ஜாக்கெட், ஷூ, புதுத் துப்பாக்கி என்று பெற்றோர் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால், கையில் இருக்கும் துப்பாக்கிக்கு எந்த பெல்லட் ஒத்துப்போகிறது என்று பார்த்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் அட்டையில் உடனே தெரியும்.

1. 10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை போடும். எந்த வளையத்தைத் தொட்டிருக்கிறது என்பதில் சந்தேகம் வராது. கூர்முனை பெல்லட் பார்க்க வேகமாகத் தெரியும், ஆனால் அந்த முனை சரியாக நடுவில் அமைவது அரிது. அதை வாங்கவே வேண்டாம். உருண்டைத் தலை, 25 மீட்டருக்கு மேல் சுடுபவர்களுக்கு.

2. டப்பாவில் எடையைப் பாருங்கள். போட்டி ரைஃபிளுக்கு வழக்கமாக 0.53 கிராம். அதைவிட லேசானவை பெரும்பாலும் பிஸ்டலுக்கானவை. ஒரே பெயரில் இரண்டு எடையும் வருவதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

3. எல்லாமே 4.5 மி.மீ. என்றுதான் சொல்வார்கள். ஆனால் நல்ல போட்டி பெல்லட்டுகள் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு பிரித்து வருகின்றன. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டிலும் டப்பாவின் மேலேயே இந்த எண் இருக்கும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். பேரலின் உள்ளே இருக்கும் சுருள் வரிகள்தான் பெல்லட்டைப் பிடித்துச் சுழற்றி அனுப்புகின்றன. தலை சிறிதாக இருந்தால் பிடி தளர்ந்து பெல்லட் லேசாகச் சாய்ந்தபடி போகும்; பெரிதாக இருந்தால் நசுங்கி வடிவம் மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு துப்பாக்கிகளுக்குக்கூட ஒரே அளவு ஒத்துவராமல் போகலாம். அதனால் நண்பருக்கு நன்றாக வந்தது என்பதற்காக அதையே மொத்தமாக வாங்கிவிடாதீர்கள்.

4. சோதிக்கும் முறை இதுதான். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். கிளப்பில் நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. பயிற்சியாளர் உடனிருக்க, மேஜையில் மணல் பை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கிச் சுடுங்கள். நின்று சுட்டால் அட்டையில் தெரிவது உங்கள் கை ஆட்டம்தான். வகை மாற்றும்போதெல்லாம் முதல் ஐந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய பெல்லட்டின் ஈயப் பூச்சு பேரலில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். பிறகு புது அட்டையில் பத்து குண்டு, எல்லாம் ஒரே இடத்துக்குக் குறி வைத்து. நடுவில் சைட்டைத் திருகவே கூடாது. எல்லாம் இடப்பக்கம் தள்ளிப் பட்டாலும் பரவாயில்லை. எவ்வளவு நெருக்கமாகப் பட்டிருக்கின்றன என்பதே இப்போது முக்கியம். இடத்தைப் பின்னால் சைட் பார்த்துக்கொள்ளும்.

அட்டையில் பத்து துளையும் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஓட்டையாகத் தெரியும். அதன் மிக அகலமான இடத்தை, விளிம்பிலிருந்து விளிம்புவரை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள்; அதில் 4.5-ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம். கழிப்பதற்கு முன் உள்ள மொத்த அகலம் 6 மி.மீ.க்குள் வந்தால் அந்த பெல்லட் உங்கள் பேரலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் இவ்வளவு நெருக்கம் எதிர்பார்க்க வேண்டாம். இருப்பதில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையை நம்பி முடிவு செய்யாமல், வகைக்கு இரண்டு மூன்று அட்டையாவது சுட்டுப் பாருங்கள்.

5. பொருந்தியது தெரிந்ததும் டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் கிடைப்பதை வாங்கி வையுங்கள். பெயரும் அளவும் அதேயாக இருந்தாலும் அடுத்த பேட்ச் வேறு மாதிரி சுடலாம். தினசரிப் பயிற்சிக்கு மலிவான பெல்லட் போதும். போட்டிக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள்.

6. டப்பாவிலிருந்து நேராக எடுத்து ஏற்றாமல், வெளிச்சத்தில் ஒரு பார்வை பாருங்கள். விரிந்திருக்கும் பின்பகுதியான ஸ்கர்ட்தான் காற்று பெல்லட்டைத் தாண்டி முன்னால் கசியாமல் அடைப்பது. அதன் விளிம்பு மெல்லிய ஈயம். டப்பா ஒருமுறை கீழே விழுந்தாலே பல பெல்லட்டுகளில் அது முட்டை வடிவமாகிவிடும். கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்த்தால் நல்லது சீராக வட்டமடிக்கும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். நசுங்கியதை ஒதுக்கிவிடுங்கள்.

7. ஏற்றும்போது தலை முன்னால், ஸ்கர்ட் பின்னால். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில், சாயாமல் உள்ளே தள்ளுங்கள்.

8. பேரலைத் துடைக்க ஃபெல்ட் துண்டு போதும். இரும்புக் கம்பி வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கியில் ஃபெல்ட்டை மட்டும் வைத்துச் சுடக் கூடாது, வெறுமனேயும் சுடக் கூடாது. எதிர்ப்பு இல்லாமல் பிஸ்டன் போய் மோதும். துடைத்த பிறகு சில குண்டுகள் சிதறித்தான் போகும். அதனால் போட்டியன்று காலையில் துடைக்காதீர்கள்.

9. சுருள் வரி உள்ள பேரலில் இரும்பு பால்ரஸ் குண்டு போடவே போடாதீர்கள். வரிகள் தேய்ந்துபோனால் பிறகு எந்த பெல்லட்டும் உதவாது.

10. மீதி பெல்லட்டை அதன் டப்பாவிலேயே, மேலே உள்ள ஸ்பாஞ்சோடு மூடி வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் கூடவே இருக்கட்டும். வெள்ளைப் பொடி பூத்த பெல்லட்டைச் சுடாதீர்கள், ஊதவும் செய்யாதீர்கள்.

11. பெல்லட் ஈயம். பிள்ளைகள் வாயில் போட்டு வைத்துக்கொண்டு ஏற்றும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு, தண்ணீர். ரேஞ்சில் போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள். பெல்லட் விழும் பெட்டியை விளக்குமாறு கொண்டு பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.