பைத்தான் இருக்கு, ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியல!

மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. பைத்தானை மூணு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டேன். கமாண்ட் பிராம்ப்ட்ல 'பைத்தான்'னு அடிச்சா, அப்படி ஒரு கட்டளையே இல்லைங்குது. ஸ்டோர் பக்கம் போகச் சொல்லுது. ஃபார்மட் பண்ணிடலாம்னு கை போயிடுச்சு. புராஜெக்ட் ஃபோல்டரே சி டிரைவ்லதான் இருந்துச்சு! ஜூனியர்ஸ், அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

காரணம் எளிது. கட்டளை அடித்தால் விண்டோஸ் டிஸ்க் முழுக்கத் தேடாது. நாம் நிற்கும் ஃபோல்டரையும், 'பாத்' என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களையும் மட்டுமே பார்க்கும். இன்ஸ்டாலரின் முதல் திரையில், கீழே இருந்த 'பாத்' டிக்கை நான் போடவே இல்லை. மூணு தடவையும்!

சரிசெய்ய:

1. அதே இன்ஸ்டாலரைத் திறந்து 'மாடிஃபை', 'நெக்ஸ்ட்' கொடுங்க. 'ஆட் பைத்தான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' டிக் பண்ணி இன்ஸ்டால் கொடுங்க.
2. கமாண்ட் பிராம்ப்ட்டை மூடிட்டு புதுசா திறங்க. பழைய விண்டோவில் பழைய பட்டியல்தான் இருக்கும்.
3. இன்னும் ஸ்டோர் வந்தா, செட்டிங்ஸ்ல 'ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸ்' தேடி, பைத்தான் பெயர் உள்ளதை ஆஃப் பண்ணுங்க.

எனக்கு இது புரிஞ்சப்போ மணி ரெண்டு. எர்ரர் வந்தா முதல்ல முழுசா படிங்க. ஃபார்மட் கடைசி வழி.