ஆண்டு முழுக்க முடி கொட்டும் வீட்டு நாய்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வளரும் மூன்று வயது லாப்ரடாருக்கு ஆண்டு முழுவதும் முடி கொட்டுகிறது. மாசி பிறந்ததும் அள்ளி எடுக்கும் அளவுக்கு அதிகமாகிறது. இது பருவத்தால் வருவதா, நோயா?

பதில்: உடம்பில் எங்கும் வழுக்கை விழவில்லை, தோல் சிவக்கவில்லை, நாய் ஓயாமல் சொறிந்துகொள்ளவும் இல்லை என்றால் அது நோயல்ல, லாப்ரடாரின் இயல்பு.

நாயின் ஒவ்வொரு முடியும் வளர்வது, வளர்ச்சி அடங்குவது, ஓய்ந்திருப்பது, உதிர்வது என்று சுற்றி வருகிறது. மனிதரின் தலைமுடியில் பெரும்பகுதி எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருக்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, நம் ஊரில் பொமரேனியன் என்றே அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ் ஆகியவற்றில் நிலைமை தலைகீழ். பெரும்பாலான முடிகள் வளர்ந்து முடிந்து ஓய்வில் இருக்கும். அவை உதிர, அடுத்தது முளைக்கும். பூடிலோ மனிதரைப் போல. அதன் முடி வளர்ந்துகொண்டே போவதால் உதிர்வது குறைவு, கத்தரிக்கும் செலவு அதிகம்.

இதோடு இரட்டை அடுக்கும் சேர்கிறது. தோலின் ஒரே துளையிலிருந்து தடித்த மேல்முடி ஒன்றும், மெல்லிய உள்முடிகள் பலவும் கிளம்புகின்றன. லாப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு குளிர்ந்த நீரில் வேலை செய்தவை. நீர் தோலைத் தொடாமல் காக்க வாய்த்த அந்த உள்முடி, தாம்பரத்து மூன்றாம் மாடியிலும் முளைக்கத்தான் செய்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்களுக்கு முடி குட்டை, உள்முடி சொற்பம். அவற்றுக்கும் உதிரும்; ஆனால் உருண்டு சேராமல், சிறு ஊசிகளாகத் துணியில் குத்தி நிற்கும்.

எப்போது கொத்தாக உதிர வேண்டும் என்பதை முதன்மையாக முடிவு செய்வது வெயிலின் சூடு அல்ல, பகலின் நீளம். கண்ணில் விழும் வெளிச்சத்தின் அளவை மூளை கணக்கிடுகிறது; இரவு நீளும்போது மெலடோனின் சுரப்பு கூடுகிறது, பகல் நீளும்போது குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே தோல் பருவத்தை அறிகிறது. லண்டனில் மிகக் குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, மிக நீண்ட பகல் 16 மணி நேரத்துக்கும் அதிகம். சென்னையிலோ மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சிறு வித்தியாசத்தையும், இரவு 11 மணி வரை எரியும் டியூப்லைட் மழுங்கடித்துவிடுகிறது. மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் வசந்தகால, இலையுதிர்கால உதிர்வுகள் இங்கே வீட்டுக்குள் வளரும் நாயிடம் துலக்கமாகத் தெரியாமல் போவது இதனால்தான். ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். பல நாய்களுக்கு மாசி முதல் சித்திரை வரை ஓர் ஏற்றம் இருக்கும். பெண் நாய் என்றால், பருவம் வந்து போன பிறகும், குட்டி போட்டுச் சில வாரங்கள் கழித்தும் தனியாக ஓர் உதிர்வு உண்டு.

கேள்வி: கோடைக்கு முன் மொட்டை அடித்துவிட்டால் முடித் தொல்லையும் தீரும், நாய்க்கும் குளிர்ச்சி என்கிறார்கள். சரியா?

பதில்: இரண்டுமே நடக்காது. நாய் மனிதரைப் போல உடல் முழுக்க வியர்த்துச் சூட்டை வெளியேற்றுவதில்லை. பாதங்களின் அடியில் கொஞ்சம் வியர்க்கும்; மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் வழி. எனவே முடியை மழித்தால் வியர்வை உலர்ந்து உடல் குளிரும் என்ற மனிதக் கணக்கு அங்கே செல்லாது. உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் மேல்முடிக்கு ஊடே காற்று புகும். நேர் வெயிலும் தோலில் படாது. மழித்த நாய்க்கு இந்தக் காப்பு போய்விடுகிறது. பங்குனி வெயிலில் வெளிர்நிறத் தோல் வெந்து சிவப்பதும் உண்டு.

முடி கொட்டுவதும் நிற்காது. வேர் அப்படியே இருப்பதால் சுழற்சி தொடரும். நீளமாக உதிர்ந்தது குட்டையாக உதிரும். குட்டை முடியைச் சோபாவிலிருந்து எடுப்பது இன்னும் கஷ்டம். இவற்றைவிடப் பெரிய சிக்கல், ஓய்வுக் கட்டத்தில் இருக்கும் வேர்கள் சில வேளை உடனே விழித்துக்கொள்ளாததுதான். ஸ்பிட்ஸ், ஹஸ்கி, சௌ சௌ போன்றவற்றில் மழித்த இடத்தில் பல மாதங்கள், சில நாய்களில் ஓராண்டுக்கும் மேல், முடி திரும்பாமல் இருப்பது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. திரும்பி வந்தாலும் முதலில் உள்முடி வந்து, மேல்முடி பின்தங்கித் திட்டுத் திட்டாக நிற்கலாம். அறுவை சிகிச்சைக்கோ புண்ணுக்கு மருந்து போடவோ மருத்துவர் மழிப்பது வேறு. பூடில், ஷிட்சு போன்ற வளர்முடி இனங்களுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் சீவுவதும் குளிப்பாட்டுவதும்தான் வழியா? எதைக் கொண்டு, எத்தனை முறை?

பதில்: ஆமாம். உதிரவேண்டிய முடியை நிறுத்த மருந்து கிடையாது. அது தரையில் விழுவதற்கு முன் பிரஷ்ஷில் விழச் செய்யலாம், அவ்வளவுதான். மாசி முதல் சித்திரை வரை தினமும் 10 முதல் 15 நிமிடம், மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று வைத்துக்கொண்டால் தரையில் சேரும் முடி கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து மொத்தமாகச் சீவுவது நாய்க்கும் பிடிக்காது, பலனும் குறைவு.

லாப்ரடாருக்கு இரண்டு கருவிகள் போதும். ஒன்று, ரப்பர் முனைகள் கொண்ட பிரஷ் அல்லது கையுறை. இன்னொன்று, நீண்ட மொட்டைப் பற்கள் கொண்ட உள்முடிச் சீப்பு. ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் போன்ற நீள்முடி நாய்களுக்கு மெல்லிய வளைகம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ்ஷும் வேண்டும். கடையில் விலை கூட்டி விற்கும் பிளேடு வகைக் கருவி வேகமாக முடியை இழுத்துக் குவிப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் நல்ல மேல்முடியையும் அறுத்துவிடும், தோலையும் சிராய்க்கும். வாரம் ஒருமுறை, ஓர் இடத்தில் மூன்று நான்கு இழுப்புக்கு மேல் வேண்டாம்.

பால்கனியில் பழைய போர்வையை விரித்து, முதலில் வெறும் கையால் உடல் முழுக்கத் தடவ வேண்டும். காதின் உள்மடல், கழுத்துப் பட்டையின் அடி, கால்விரல்களின் இடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருந்தால் இப்போதே அகப்படும். பிறகு ரப்பர் பிரஷ்ஷை வட்டமாகத் தேய்த்து, தளர்ந்த முடியை மேலே கொண்டுவந்து, சீப்பால் முடி படிந்திருக்கும் திசையிலேயே சீவி எடுக்க வேண்டும். முதுகோடு நிறுத்திவிடுவதுதான் பலர் வழக்கம். தொடையின் பின்புறம், வால் தொடங்கும் இடம், கழுத்து ஆகியவற்றில்தான் உள்முடி அடைந்து கிடக்கும். நீள்முடி நாய்களுக்கு ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி அடுக்கடுக்காகச் சீவாவிட்டால் மேலே பளபளப்பாகவும் அடியில் சிக்காகவும் இருக்கும். ஸ்லிக்கர் பிரஷ்ஷை எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்ப்பதே அளவு. காதின் பின்னும் அக்குளிலும் விழுந்த சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. சிக்கோடு தோலும் மேலெழும்பி வரும் என்பதால் வெட்டுக்காயம் சர்வசாதாரணம். விரலால் பிரிக்க வேண்டும், அதுவும் குளிப்பாட்டுவதற்கு முன். நனைந்த சிக்கு இறுகிவிடும்.

குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். வெதுவெதுப்பான நீர் தளர்ந்த முடியைக் கழற்றிவிடும் என்பதால், முடி அதிகம் கொட்டும் மாதங்களில் குளியலுக்கு முன்னும் உலர்ந்த பின்னும் ஒருமுறை சீவினால் குவியல் குவியலாக வரும். மனிதத் தோல் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நம் ஷாம்பூவும் துணி சோப்பும் அதை வறளச் செய்து, அரிப்பையும் உதிர்வையும் கூட்டும். குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் கலக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நாய் உடம்பை நக்கும். உண்ணிக்காக முதுகில் சொட்டு மருந்து விட்டிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உள்முடி உலரப் பாதி நாள் ஆகலாம். ஈரம் தங்கிய இடத்தில் ஒரே இரவில் நீர் கசியும் சிவந்த புண் வந்துவிடும். துவாலையால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியிலோ சூடு குறைத்த டிரையரைத் தள்ளிப் பிடித்தோ வேர் வரை உலர்த்த வேண்டும்.

கேள்வி: தயிர் சாதமும் பிஸ்கட்டும் தின்று பழகிய நாய்க்கு உணவால் உதிர்வைக் குறைக்க முடியுமா? மீன் எண்ணெய் மாத்திரை உதவுமா?

பதில்: பருவ உதிர்வை உணவு நிறுத்தாது. ஆனால் குறைபாட்டால் கூடுதலாக உதிர்வதைக் குறைக்கும். தயிர் சாத நாய்க்கு அந்தக் குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகம். முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். தோலும் முடியும் நாயின் அன்றாடப் புரதத் தேவையில் ஏறத்தாழக் கால் பங்கை எடுத்துக்கொள்கின்றன. சோறு அதைத் தராது. லினோலிக் அமிலம், துத்தநாகம் ஆகியவையும் அதில் போதாது. வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி, முள் நீக்கிய மத்தி மீன் என்று சேர்க்கலாம். அல்லது தரமான நாய் உணவுக்கு ஒரு வாரத்தில் படிப்படியாக மாறலாம். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் சத்தைக் கட்டிப் போட்டுவிடும் என்பதால் அது வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மிச்சக் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது அதனால் ஆபத்து.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3, வறண்ட, அரிக்கும் தோலுக்குப் பயன்படும். எடையைப் பொறுத்து அளவை மருத்துவர் சொல்ல வேண்டும், மிஞ்சினால் வயிறு இளகும். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதில் ஏ, டி வைட்டமின்கள் செறிந்திருப்பதால் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. உணவு மாற்றத்தின் பலன் முடியில் தெரிய இரண்டு மாதம் வரை ஆகலாம்.

கேள்வி: எந்த நிலையில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

பதில்: பருவ உதிர்வில் முடி உடல் முழுக்கச் சீராக மெலியும். திட்டாக வழுக்கை விழுந்தாலே கணக்கு மாறிவிடுகிறது. குட்டியின் கண்ணைச் சுற்றியும் பாதத்திலும் முடி போனால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணி காரணமாக இருக்கலாம். காதின் விளிம்பிலும் முழங்கையிலும் கடும் அரிப்போடு போனால் சொறி. இது மனிதருக்கும் ஒட்டும். வட்டமாக, செதிலோடு போனால் படர்தாமரை, இதுவும் ஒட்டும். வால் தொடங்கும் இடத்தை நாய் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. அரிப்பே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி மெலிந்து, நாய் மந்தமாகி எடை கூடினால் தைராய்டு குறைபாட்டையும், வயிறு தொங்கித் தண்ணீர் அதிகம் குடித்தால் குஷிங் நோயையும் சோதிக்க வேண்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது, முடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது, பூஞ்சை வளர்த்துப் பார்ப்பது, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் செய்துகொள்ளலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவிவிட்டுப் போனால் நோயின் அடையாளமே மறைந்திருக்கும்.

கேள்வி: நாய் முடி குழந்தையின் வயிற்றுக்குள் போனால் கட்டி வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். வீட்டில் பறக்கும் முடியை எப்படிச் சமாளிப்பது?

பதில்: விழுங்கிய ஓரிரு முடி மலத்தோடு வெளியேறிவிடும்; கட்டியாகாது. ஆனால் பெரியவர்களின் பயத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. நாடாப்புழு வகை ஒன்றின் முட்டைகள் நாயின் மலத்தில் வெளியேறி, அதன் முடியில் ஒட்டியிருந்து, கை வழியாக வாய்க்குப் போனால் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் வளரும். இதில் முடி வெறும் வாகனம். ஆடு மாடுகளின் வேகாத ஈரல், நுரையீரலைத் தின்னும் நாய்க்குத்தான் இந்தப் புழு வருகிறது. அவற்றைக் கொடுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் சொல்லும் புழுமருந்தைக் கொடுத்து, நாயைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவினால் போதும். ஒவ்வாமையும் முடியால் வருவதல்ல. நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் உள்ள புரதங்கள் முடியில் ஏறி வருகின்றன. மூச்சிரைப்பு உள்ள குழந்தை இருந்தால் நாயைப் படுக்கையறைக்குள் விடாமல் இருப்பது நல்லது.

துடைப்பம் முடியைக் கூட்டுவதைவிடக் கிளப்பிவிடுவதே அதிகம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேக்குவம் கிளீனர் போட வேண்டும். அது இல்லாவிட்டால் ஈர மாப்பால் துடைக்கலாம். சோபாவிலும் கார் இருக்கையிலும், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் வழித்தால் முடி திரண்டு வரும். நாய் படுக்கும் துணியை வாஷிங் மெஷினில் போடும் முன் மாடியில் உதற வேண்டும். நனைந்த முடி வடிகட்டியை அடைக்கும், மீதி மற்றத் துணிகளில் ஏறும். முடி அதிகம் கொட்டும் மாதங்களில் ஏசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் அறை குளிர்வது குறையாது.