நிலக்கடலை ஒவ்வாமையும் பொது இடங்களின் பொறுப்பும்

திருவனந்தபுரத்தின் காரியவட்டம் பகுதியில், மக்கள் பெருந்திரளாகக் கூடும் இரண்டு இடங்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று 1990இல் நிறுவப்பெற்ற டெக்னோபார்க். மற்றொன்று 2015ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கெனக் கட்டப்பெற்ற கிரீன்ஃபீல்டு அரங்கம். பணியிடத்திலாயினும் அரங்கிலாயினும், பிறர் சமைத்ததை நம்பியே பலரும் உண்கின்றனர். நிலக்கடலை ஒவ்வாமை உடையவருக்கு இந்நம்பிக்கை உயிர்ப் பிரச்சினையாகும்.

நோயின் தன்மை

நிலக்கடலை மலிவான, சத்து மிகுந்த புரத உணவு. ஆயினும் சிலரது உடல் அப்புரதத்தைப் பகையெனக் கருதி எதிர்க்கிறது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன சில நிமிடங்களிலேயே தோன்றக்கூடும். அந்நிலையில் உயிர்காக்கும் முதல் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே. ஒவ்வாமைக்கான சாதாரண மாத்திரைகள் அதற்கு ஈடாகா.

மேலைநாடுகளை நோக்க, இந்தியாவில் இந்நோய் குறைவாகவே காணப்படுகிறது. கர்நாடகத்தில் வயது வந்தோரிடையே நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வு, எல்லா வகை உணவுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 1.2 விழுக்காட்டினருக்கே உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் எனக் கணித்தது. நோயாளிகள் சிலரே என்பதால்தான் சமையற்காரரும் மேலாளரும் இதனை அறியாதிருக்கின்றனர்.

சொல்லால் விளையும் இடர்

தமிழில் 'கடலை' என்னும் சொல் இரு பொருள் தருவது. கடலைமாவு கொண்டைக்கடலை இனத்தைச் சார்ந்தது. கடலைமிட்டாய் நிலக்கடலையால் ஆனது. மலையாளத்திலோ 'கடல' என்றால் பொதுவாகக் கொண்டைக்கடலையே. நிலக்கடலைக்குக் 'கப்பலண்டி' என்று பெயர். எனவே, திருவனந்தபுரத்து உணவகத்தில் தமிழ்ப் பணியாளர் ஒருவர், "இதில் கடலை உண்டா?" என்று வினவினால், சமையற்காரர் நல்லெண்ணத்துடனேயே "இல்லை" எனத் தவறான விடை கூறிவிடலாம். ஆகவே, நிலக்கடலை என்பதை மலையாளம், தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் படத்துடன் எழுதிவைப்பது இன்றியமையாதது.

சட்டத்தின் நிலை

உணவுப் பொருள்களின் விவரச்சீட்டு குறித்த 2020ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், பொட்டல உணவில் நிலக்கடலை இருப்பின் அதனைக் குறிப்பிடவேண்டும் என்கின்றன. ஆனால் அரங்கின் வாயிலில் தாளில் மடித்து விற்கப்படும் வறுகடலைக்கும், சிற்றுண்டிச் சாலையின் சட்டினிக்கும் விவரச்சீட்டு ஏது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் பட்டியலில் உள்ள 21 வகைகளிலும் உணவு ஒவ்வாமை இடம்பெறவில்லை. ஆகவே, சட்டம் எட்டாத இடத்தை நிர்வாகத்தின் பொறுப்புணர்ச்சியே நிரப்பவேண்டும்.

தடை தேவையா?

அமெரிக்காவின் பேஸ்பால் அரங்குகள் சில, குறிப்பிட்ட ஆட்டங்களில் நிலக்கடலை இல்லாத தனிப்பகுதியை ஒதுக்குகின்றன. முழுத் தடை விதித்தால் சிறுவணிகரின் பிழைப்பு கெடும். தடையைச் செயற்படுத்துவதும் எளிதன்று. கடுமையான விளைவுகள் பெரும்பாலும் உண்பதாலேயே நேர்கின்றன. அருகில் ஒருவர் உண்பதால் நேர்வது அரிது. எனவே, பொருளை ஒழிப்பதினும் கலப்பைத் தடுப்பதே அறிவுடைமை.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வோர் உணவிலும் சேர்ந்துள்ள பொருள்களை உணவகம் எழுதிவைத்தல் வேண்டும். இரண்டாவதாக, நிலக்கடலை சேர்ந்த உணவுக்குத் தனிக் கரண்டியும் தனி வாணலியும் தேவை. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் புரதம் எஞ்சியிருக்கக்கூடும் என்பதையும் கருதவேண்டும். மூன்றாவதாக, கைகழுவுமிடத்தில் சோப்பு இருத்தல் வேண்டும்; வெறும் நீரும் கிருமிநாசினித் திரவமும் கடலைப் புரதத்தை முற்றிலும் அகற்றுவதில்லை. நான்காவதாக, அரங்கின் முதலுதவிக் கூடத்திலும் பெரிய பணியிடங்களிலும் அட்ரினலின் மருந்தும், அதைச் செலுத்தப் பயின்ற செவிலியரும் இருத்தல் வேண்டும். தானாகச் செலுத்தும் ஊசிகள் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லையாதலால் இப்பயிற்சி மேலும் முக்கியமாகிறது.

ஒவ்வாமையுள்ள பணியாளர் தம் நிலையை அஞ்சாது தெரிவிக்கும் சூழலும் வேண்டும். கேலிக்கு அஞ்சி மறைப்பவருக்கு ஆபத்து வேளையில் உதவி தாமதமாகும். மேற்கூறிய ஏற்பாடுகளுக்கு ஆகும் செலவு சிறிது. ஆனால் அவை காப்பது ஓர் உயிரை. ஒருவர் அச்சமின்றி உண்ணவும் உழைக்கவும் விளையாட்டைக் கண்டுகளிக்கவும் வழிசெய்வதும் வளர்ச்சிப் பணியின் ஒரு கூறேயாகும்.