ஒருமொழி பேசும் இருநாட்டார்

தொலைவில் உள்ளார் நம்மினின்றும் வேறுபட்டவர் என்பதை அறிதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. அவருடைய உடையும் உணவும் உரையுமே அதனைப் புலப்படுத்திவிடும். அண்மையில் உள்ளாரின் வேறுபாட்டை உணர்தலே அரிது. உருவம் ஒத்து, உடை ஒத்து, பேச்சும் ஏறக்குறைய ஒத்திருக்குமாயின், 'இவரும் அவரும் ஒருவரே' என்று கருதிவிடுதல் மக்கள் இயல்பு. அவ்வாறு கருதுதலால் விளையும் பிழைகளுட் சில நகைப்புக்கு இடமாவன. சில மனவருத்தம் விளைப்பன. ஒரோவழி உயிருக்கே இடையூறு தருவனவும் உள. இவ்வுண்மையை விளக்குதற்கு, வட அமெரிக்கக் கண்டத்தில் அடுத்தடுத்து வாழும் கனடா நாட்டாரும் ஐக்கிய நாட்டாரும் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாவர். ஆதலின் அவ்விரு நாட்டாரின் அன்றாடச் சொல்வழக்கிலும் பழக்கத்திலும் காணப்படும் வேறுபாடுகள் சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஐக்கிய நாட்டாரை உலக வழக்குப்பற்றி அமெரிக்கர் என்றே குறிப்பிடுவோம்.

இவ்விரு நாடுகளுக்கும் இடைப்பட்ட எல்லை 8,891 கிலோமீட்டர் நீளமுடையது. உலகில் இரு நாடுகளைப் பிரிக்கும் எல்லைகளுள் இதனினும் நீண்டது வேறில்லை. அதன் மேற்குப் பகுதி மலையையோ ஆற்றையோ பற்றிச் செல்லாது, 49-ஆம் அட்சரேகையைப் பற்றியே நெடுந்தூரம் செல்கின்றது. 1818-இலும் 1846-இலும் பிரிட்டிஷ் அரசாங்கத்தாரும் அமெரிக்கரும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் அதனை வகுத்தன. இயற்கை இட்ட வேலி அன்று ஆதலின், அங்கே இருபுறத்து நிலமும் ஒன்றே. விளையும் கோதுமையும் ஒன்றே. கனடியருட் பெரும்பாலார் எல்லையை அடுத்தே வாழ்கின்றனர். கியூபெக் மாகாணத்தாருட் பெரும்பாலார் பிரெஞ்சு பேசுவர். மற்றை மாகாணங்களிற் பெரிதும் வழங்குவது ஆங்கிலம். அமெரிக்கரின் தொகையோ கனடியரின் தொகையைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அவருடைய பத்திரிகையும் திரைப்படமும் தொலைக்காட்சியும் தடையின்றி வடக்கே செல்கின்றன. இத்துணை நெருக்கத்தினிடையேயும் கனடியர் தமக்கெனச் சில சொற்களையும் வழக்கங்களையும் விடாது போற்றி வருதல் எங்ஙனம்? இதற்கு விடை சரித்திரத்தில் உளது.

1776-ஆம் ஆண்டில் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் நீங்கித் தம் சுதந்தரத்தைச் சாற்றின. 1783-இல் போர் முடிவுற்றது. அப்போரில் மன்னர்பாற் பற்றுக்கொண்டு நின்ற பல்லாயிரவர் தம் மனையும் நிலமும் துறந்து, வடக்கே நோவா ஸ்கோஷியா, கியூபெக் முதலிய இடங்களிற் குடியேறினர். ஆங்கிலம் பேசும் கனடாவுக்கு அடிப்படை இட்டவருள் இவர் முதன்மையானவர். அவர் வாயில் இருந்த பேச்சு அவர் நீங்கிவந்த நாட்டின் பேச்சே. கனடியரின் உச்சரிப்பு இன்றளவும் அமெரிக்கரின் உச்சரிப்பைப் பெரிதும் ஒத்திருத்தற்குக் காரணம் இதுவே. பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து பெருந்தொகையினர் வந்தனர். எழுத்து முறையிலும் பள்ளிக்கூட வழக்கிலும் இவருடைய செல்வாக்கு ஓங்கியது. ஆகவே நாவில் ஒரு மரபும் ஏட்டில் மற்றொரு மரபுமாகக் கனடிய ஆங்கிலம் வளர்ந்தது என்க.

அரசியல் நூல்களிலும் இருநாட்டாரின் மனப்போக்கு வெளிப்படுகின்றது. அமெரிக்கரின் விடுதலைச் சாசனம் உயிர், சுதந்தரம், இன்ப நாட்டம் ஆகியவற்றை மக்களின் உரிமைகளாகக் கூறுகின்றது. 1867-இல் கனடாவை ஒரு கூட்டரசாக அமைத்த சட்டமோ, அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி ஆகியவற்றின் பொருட்டுச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு அளிக்கின்றது. முன்னது தனிமனிதனை முன்னிறுத்துகின்றது. பின்னது சமூகத்தின் ஒழுங்கை முன்னிறுத்துகின்றது.

எழுத்துமுறை வேறுபாடும் இவ்வாறு எழுந்ததே. நோவா வெப்ஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர், தனி நாடாகிவிட்ட தம்மவர்க்கு மொழியிலும் தனிநிலை வேண்டும் என்னும் கருத்தினராய், 1783-இல் எழுத்துக்கூட்டும் நூல் ஒன்றும், 1828-இல் பேரகராதி ஒன்றும் வெளியிட்டார். 'கலர்' முதலிய சொற்களில் 'யு' என்னும் எழுத்து அமெரிக்காவில் விடப்பட்டமைக்கும், 'சென்டர்' என்னும் சொல்லின் ஈற்றெழுத்துக்கள் முன்பின்னாக மாறியமைக்கும் அவர் நூல்கள் பெருந்துணை செய்தன. கனடாவிலோ, 1890-இல் பிரதம மந்திரியாயிருந்த ஸர் ஜான் மக்டானல்ட், அரசாங்கப் பத்திரங்களில் இங்கிலாந்தின் எழுத்துமுறையே கைக்கொள்ளப்படல் வேண்டும் என்று ஆணை பிறப்பிக்கச் செய்தார். எனினும் வண்டிச் சக்கரத்துக்குரிய 'டயர்' என்னும் சொல்லை இங்கிலாந்தார் 'ஒய்' என்னும் எழுத்தால் எழுத, கனடியர் அமெரிக்கரைப் பின்பற்றி 'ஐ' என்னும் எழுத்தால் எழுதுகின்றனர். வங்கிக்குரிய 'செக்' என்பதனை மட்டும் இங்கிலாந்தாரைப்போல எழுதுகின்றனர். மோட்டார்த் தொழில் தெற்கிலிருந்தும், வங்கி முறை கடல்கடந்தும் வந்தமையே காரணம் என்பர்.

இக்கலப்பைக் குறையாகக் கொண்டாரும் உளர். 1857-இல் கெய்க்கி என்னும் பாதிரியார் தாம் படித்த ஒரு கட்டுரையில், கனடிய ஆங்கிலத்தைச் சிதைந்த வழக்கென்று இகழ்ந்தார். ஆயின் நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, கூட்டரசின் நூற்றாண்டு நிறைவாகிய 1967-இல், கனடாவுக்கே உரிய சொற்களை அவற்றின் வரலாற்றோடு தொகுத்த பேரகராதி ஒன்று வெளிவந்தது. ஒருகாலத்துப் பிழை எனப்பட்டது மற்றொரு காலத்து மரபாயிற்று. மொழிநூல் பயில்வார் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இஃது.

இனி வீட்டிலும் வீதியிலும் வழங்கும் சொற்களைக் காண்போம். ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்தைக் கனடியர் நம்மைப்போல 'ஸெட்' என்பர்; அமெரிக்கர் 'ஸீ' என்பர். குளிர்காலத்தில் தலையை மூடி அணியும் பின்னற் குல்லாயைக் கனடியர் 'டூக்' என்பர். இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பொதுவிடங்களிலுள்ள கழிப்பறை கனடாவில் 'வாஷ்ரூம்', அமெரிக்காவில் 'ரெஸ்ட்ரூம்'. நீர்வீழ்ச்சிகளின் ஆற்றலால் மின்சாரம் மிகுதியும் உண்டாக்கப்படுதலின், கனடாவின் பல மாகாணங்களில் நீரைக் குறிக்கும் 'ஹைட்ரோ' என்னும் சொல்லே மின்சாரத்துக்குப் பெயராயிற்று. 'இம்மாதம் ஹைட்ரோவுக்குப் பணம் செலுத்தவில்லை' என்று ஒருவர் கூறக் கேட்ட அமெரிக்கர், அது குடிநீர் வரியோ என்று ஐயுறுதல் கூடும். 1987-இல் வெளிவந்த ஒரு டாலர் நாணயத்தில் 'லூன்' என்னும் நீர்ப்பறவையின் உருவம் பொறிக்கப்பட்டமையின், மக்கள் அதனை 'லூனி' என்று அழைத்தனர். 1996-இல் இரண்டு டாலர் நாணயம் வரவே, இரண்டைக் குறிக்கும் சொல்லை முன்வைத்து அதனை 'டூனி' என்றனர். அரசாங்கத்தார் இப்பெயர்களை இட்டிலர்; கடைவீதியே இட்டது.

மாணவர்க்கு மிகவும் பயன்படும் வேறுபாடு கல்விச் சொற்களில் உளது. கனடியர் பரீட்சை 'எழுதுவர்'. அமெரிக்கர் பரீட்சையை 'எடுப்பர்'. கனடிய மாணவன் தன்னை முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவன் என்று கூற, அமெரிக்க மாணவன் 'பிரெஷ்மன்', 'ஸாபமோர்' என்னும் பெயர்களை வழங்குவான். இவற்றினும் முக்கியமானது 'காலேஜ்' என்னும் சொல். அமெரிக்கர் பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்புப் பயில்வானையும் காலேஜில் பயில்கின்றான் என்றே கூறுவர். கனடாவில் பல்கலைக்கழகம் வேறு, காலேஜ் வேறு. பின்னது பெரும்பாலும் தொழிற்பயிற்சியும் டிப்ளமாவும் அளிக்கும் நிலையத்தைக் குறிக்கும். நம் மாணவர் ஒருவர் நான் காலேஜில் மூன்றாண்டு பயின்றேன் என்று கனடியர் ஒருவரிடம் கூறி, பட்டத்தின் பெயரைக் கூறாது விடுவாராயின், அவர் பெற்ற பட்டம் டிப்ளமாவாக எண்ணப்படுதலும் கூடும். வெளிநாடு செல்ல விழைவோர் விண்ணப்பம் எழுதுங்கால் இதனை மறவாதிருப்பாராக.

ஒரே சொல் நேர்மாறான இரு பொருள் தருதலும் உண்டு. ஒரு தீர்மானத்தை மேசைமேல் வைத்தல் என்னும் பொருள்படும் 'டேபிள்' என்னும் வினை, கனடியப் பாராளுமன்றத்தில் அதனைச் சபையின்முன் கொணர்தலைக் குறிக்கும். அமெரிக்கச் சபைகளிலோ ஆராய்ச்சியை நிறுத்தி அதனை ஒதுக்கிவைத்தலைக் குறிக்கும். இருநாட்டாரும் கூடிய கூட்டத்தில் இச்சொல்லை விளக்காது வழங்கினால், இருவரும் உடன்பட்டே ஒருவரோடொருவர் வாதிடும் நிலை உண்டாகும்.

அளவைகளின் செய்தி இதனினும் கடுமையானது. கனடா மெட்ரிக் முறைக்கு மாறியது. 1975 முதல் வெப்பநிலை செல்சியஸ் அளவிற் கூறப்பட்டது. 1977-இல் சாலைப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாற்றப்பட்டன. அமெரிக்கர் அன்றாட வாழ்வில் மைலையும் பவுண்டையும் பாரன்ஹீட்டையும் விட்டிலர். ஆகவே 'இன்று முப்பது டிகிரி' என்னுமிடத்துக் கனடியர் வெயிலை எண்ணி மெல்லாடை தேடுவர். அமெரிக்கர் நீர் உறையும் குளிரை எண்ணிக் கம்பளி தேடுவர். கனடியரும் தம் உயரத்தை அடியிலும் எடையைப் பவுண்டிலும் கூறுதலை இன்னும் கைவிட்டிலர். இவ்விரட்டை வழக்கு ஒருமுறை பேராபத்தை விளைத்தது. 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், மான்ட்ரியாலிலிருந்து எட்மண்டன் நோக்கிச் சென்ற கனடிய விமானம் ஒன்றில், எரிபொருள் காட்டும் கருவிகள் பழுதுற்றிருந்தமையின் கைக்கணக்காற் பெட்ரோலிய எண்ணெய் நிரப்பினர். ஒரு லிட்டர் எண்ணெயின் எடையைக் கிலோகிராமிற் கொள்ளவேண்டிய இடத்தில் பவுண்டுக்குரிய எண்ணைக் கொண்டுவிட்டனர். வேண்டியதிற் பாதிக்கும் குறைந்த எண்ணெயோடு சென்ற அவ்விமானத்தின் இரு எஞ்சின்களும் நடுவானில் நின்றன. விமானிகளின் அருந்திறத்தால் அது மிதந்து வந்து, மானிடோபா மாகாணத்துக் கிம்லி என்னும் ஊரில் பழைய விமானத்தளம் ஒன்றில் இறங்கிற்று. அதிலிருந்த 69 பேரும் உயிர்தப்பினர். எண் சரியாயிருந்தும் அளவையின் பெயர் தவறினால் என்னாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிப் பழக்கவழக்கங்களைப் பற்றிச் சில கூறுவோம். கனடியர் எதற்கும் 'மன்னிக்க' என்பர் என்று அமெரிக்கர் நகையாடுவதுண்டு. பிறர் தம்மை இடித்தாலும் தாமே மன்னிப்புக் கேட்பர் என்பது அந்நகைப்பு. ஆயின் அச்சொல் எப்போதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று. 'உமக்கு நேர்ந்ததற்கு வருந்துகின்றேன்' என்னும் அளவினதே. இதனை நீதிமன்றத்தில் ஒருவர்க்கு எதிராகக் கொள்ளாதிருத்தற்குப் பிரிட்டிஷ் கொலம்பியா 2006-இலும், ஆன்டேரியோ 2009-இலும் தனிச் சட்டமே இயற்றின. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் இத்தகைய சட்டங்கள் உளவேனும், அவற்றுட் பல மருத்துவரைப் பற்றியன. வாக்கியத்தின் இறுதியிற் கனடியர் சேர்க்கும் 'ஏ' என்னும் சிறுசொல்லும் நகைப்புக்கு உள்ளாவது. அது நம் 'அல்லவா' போல்வது. கேட்பாரின் உடன்பாட்டை வேண்டி நிற்பது. எனினும் கனடியர் யாவரும் பணிவுடையர், அமெரிக்கர் யாவரும் பணிவிலர் என்று கொள்ளுதல் பேதைமை. நாட்டு வழக்கு வேறு, தனிமனிதர் குணம் வேறு.

பல இனத்தார் ஒருங்கு வாழ்தலைக் குறிக்கவும் இருநாட்டாரும் வேறுவேறு உவமை கொண்டனர். அமெரிக்கர் தம் நாட்டைப் பல உலோகங்களையும் உருக்கி ஒன்றாக்கும் கொப்பரை என்றனர். 1908-இல் அரங்கேறிய ஸாங்வில் என்பாரின் நாடகம் அவ்வுவமையைப் பரப்பிற்று. கனடியர் தம் நாட்டைப் பல்நிறக் கற்கள் பதித்த சித்திரம் என்றனர். 1938-இல் ஜான் மர்ரே கிப்பன் எழுதிய நூல் அதனைப் பெயராகவே கொண்டது. 1971-இல் பல பண்பாடுகளையும் போற்றுதல் அரசாங்கக் கொள்கையாகி, 1988-இல் சட்டமாயிற்று. நடைமுறையில் உருகுதலும் பதிதலும் இருநாட்டிலும் நிகழ்கின்றன. ஆயினும் எவ்வுவமையை ஒரு நாடு விரும்புகின்றது என்பதே அதன் உள்ளத்தைக் காட்டும்.

இவ்வாராய்ச்சி நமக்கும் அயலானதன்று. 1983-க்குப் பின் இலங்கையினின்றும் சென்ற தமிழர் பல்லாயிரவர் டொரொண்டோ நகரைச் சூழ வாழ்கின்றனர். அமெரிக்க நகரங்களிலும் தமிழர் பலர் உளர். ஒரு குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இருவருள் ஒருவன் டொரொண்டோவிலும் மற்றொருவன் நியூ ஜெர்ஸியிலும் வளர்வாராயின், ஒருவன் 'ஸெட்' என்பான், மற்றவன் 'ஸீ' என்பான். ஒருவன் அறுவடைத் திருநாளை அக்டோபரிலும் மற்றவன் நவம்பரிலும் கொண்டாடுவான். இவருள் எவன் பிழைபட்டான்? இருவரும் அல்லர். தத்தம் நாட்டுச் சரித்திரத்தை நாவிற் சுமந்து நிற்கின்றனர், அவ்வளவே.

பெரியவர் பக்கத்தில் வாழும் சிறியவர்க்குத் தம் சொல்லைக் காத்தலே தம்மைக் காத்தலாகும். அச்சொல்லைக் கேட்டு நகையாது, அதன் காரணத்தை வினவி அறிதல் கற்றார் கடமை. ஒத்திருப்பாரை ஒன்றெனக் கருதிவிடாது, சிறு வேறுபாட்டையும் மதித்தறியும் நுண்ணறிவை நாம் பெறுவோமாக.