மெர்பாவு மரம்



நம் பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பில் பழைய பெஞ்சு ஒன்று உண்டு. அதன் இரும்பு ஆணிகளைச் சுற்றிக் கருநீலக் கறை படர்ந்திருந்தது. உளுத்துப் போயிற்றென எண்ணி, அதனை விறகுக்குத் தள்ள முனைந்தோம். தோட்டத் தச்சர் ஒருவர் தடுத்து, உளியால் சற்றே சீவிக் காட்டினார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் வைரம் பாய்ந்த கட்டை! அதுவே மெர்பாவு. 2019ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டதும் அதுவே.

இதன் அறிவியற் பெயர் இன்ட்சியா பாலெம்பானிக்கா. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம், நாம் ரசத்தில் கரைக்கும் புளிக்கு உறவாகும். தாழ்நிலக் காடுகளில் ஏறத்தாழ 50 மீட்டர் வரை ஓங்கி வளரும். கூட்டிலையில் பெரும்பாலும் எட்டுச் சிற்றிலைகள் இருக்கும். பூவில் நன்கு வளர்ந்த இதழ் ஒன்றே. தடித்த நெற்றினுள் கடினத் தோலுடைய விதைகள் உள்ளன. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களோ 1,000 மீட்டருக்கு மேல் அமைந்தவை. ஆகவே நாம் இதனைக் கட்டையாகக் காண்கிறோமேயன்றி மரமாகக் காண்பதில்லை.

கறை தோன்றியது எவ்வாறு? மெர்பாவுக் கட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. ஈரம் பட்டால் அது இரும்புடன் கூடிக் கருமையாகும். முன்னாளில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுமை செய்ததும் இம்முறையே. ஆகவே ஈரம் படும் இடங்களில் இம்மரத்திற்குப் பித்தளை ஆணியே ஏற்றது. புதுப்பலகை மழையில் நனைந்தால் பழுப்புச் சாயம் வடிந்து சுவரைக் கறைப்படுத்தும் என்பதையும் அறிக.

இக்கட்டை உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். அதனால் தரைப்பலகைக்கும், படிக்கட்டிற்கும், கதவு நிலைக்கும் சிறந்தது. தண்டவாளத்தின்கீழ் இடும் குறுக்குக் கட்டையாகவும் பயன்பட்டது. நம் முன்னோர் பலர் இந்நாட்டில் அத்தகைய கட்டைகளைத் தோளில் சுமந்தவர்கள்.

மெர்பாவு வெட்டும் பருவம் எய்த ஏறத்தாழ 75 ஆண்டுகள் ஆகும். பத்து வயதுச் சிறுவன் இன்று விதைத்தால், அவனுக்கு 85 வயதாகும்போதே மரம் முதிரும். விதைத் தோலை அரத்தால் சிறிது தேய்த்து நீரில் ஊறவைத்தாலன்றி எளிதில் முளைக்காது. இத்துணைக் காலம் எடுத்து வளர்ந்ததை ஒரு நாளில் அடுப்பில் இடலாமா?

பித்தளை ஆணி கொண்டு அப்பெஞ்சைச் செப்பனிட்டோம். இன்று நான்கு பிள்ளைகள் அதில் அமர்ந்து பாடம் பயில்கின்றனர். உங்கள் இல்லத்திலும் கறை படிந்த பழைய கதவோ பலகையோ இருப்பின், எறியுமுன் ஒருமுறை சீவிப் பாருங்கள்.