உருகிய இரும்பை எதைக் கொண்டு அளப்பது?

எட்டாம் வகுப்பில் வெப்பம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "சார், இரும்பு 1538 டிகிரியில உருகும்னு சொல்றீங்க. அதை எந்த தெர்மாமீட்டர வச்சுப் பார்த்தாங்க?" பாதரசம் 357 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். பாடநூலில் இல்லை என்று கடந்திருக்கலாம். ஆனால் அவளுடைய அப்பா வார்ப்பட ஆலையில் வேலை செய்பவர்.

அங்கே பயன்படுவது வெப்ப மின்னிரட்டை. இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திகள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் மின்னியக்கு விசை உண்டாகும். 1821இல் சீபெக் கண்ட விளைவு இது. உருகிய இரும்புக்குப் பிளாட்டினம், பிளாட்டினம்-ரோடியம் கம்பிகள். அட்டைக்குழாய் முனையைச் சில நொடிகள் அமிழ்த்தி, அளவைக் குறித்ததும் முனையை எறிந்துவிடுவார்கள்.

1000 டிகிரியை ஒட்டிய உலைகளுக்குக் குரோமல்-அலுமல் இணையே போதும். ஆனால் அதில் ஓரிரு டிகிரி பிழை வரும். பால் பதப்படுத்தும் நிலையத்தில் அது ஆகாது. 72 டிகிரியில் 15 நொடி என்பது கணக்கு. குறைந்தால் கிருமி மிஞ்சும். அங்கே பிளாட்டினம் மின்தடை வெப்பநிலைமானி வைப்பார்கள். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். துல்லியமானது, ஆனால் அதிர்வு மிகுந்த இயந்திரத்தில் அதன் மெல்லிய கம்பி அறுந்துபோகலாம். அமிலத் தொட்டி என்றால் உறை வேண்டும். உறை தடித்தால் அளவு தாமதமாக வரும். தொட முடியாத, நகரும் பொருளுக்கு அகச்சிவப்புக் கருவி. பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும்.

வகுப்பில் செம்புக் கம்பியையும் இரும்புக் கம்பியையும் ஒரு முனையில் முறுக்கி, மறு முனைகளை மல்டிமீட்டரின் மில்லிவோல்ட் அளவில் இணைத்தேன். மெழுகுவத்திச் சுடரில் காட்டியதும் அளவு ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது! "மீட்டர் கெட்டுப்போச்சு சார்" என்றார்கள். நானும் நம்பி பேட்டரியை மாற்றினேன். அப்புறம்தான் கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. செம்பு-இரும்பு இணையின் மின்னியக்கு விசை சுமார் 275 டிகிரியில் உச்சம் தொட்டுக் குறையும். ஒரே அளவுக்கு இரண்டு வெப்பநிலைகள்! மலிவான இந்த இணையை உலையில் யாரும் வைக்காததன் காரணம், எந்த விளக்கமும் இன்றிப் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

செய்து பார்ப்பவர்கள் செம்புக் கம்பியின் எனாமல் பூச்சை முதலில் சுரண்டிவிடுங்கள். நான் மறந்ததால் முதல் பத்து நிமிடம் மீட்டர் பூச்சியத்திலேயே நின்றது.